அறுபது என்னும் வரம்பு

வாப்பாவுக்கு எத்தனை வயது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே விடைதான் இருந்தது. கல்லோயாவில் அணை கட்டத் தொடங்கின வருஷம் பிறந்தவர். மூத்தம்மா அப்படித்தான் சொல்வார். எங்களுக்கும் அந்த விடை போதுமானதாக இருந்தது. 2021 ஆம் ஆண்டு ஓர் அலுவலகத்தின் மேசைக்கு முன்னால் நின்ற போதுதான் அது ஒரு விடையே அல்ல என்பது தெரியவந்தது.

எழுபது வயதைக் கடந்த வறியவர்களுக்கு அரசாங்கம் வழங்கும் முதியோர் கொடுப்பனவுக்காக வாப்பாவை அழைத்துச் சென்றிருந்தேன். அப்போது அது மாதம் 2,000 ரூபா. கல்லோயா வேலை தொடங்கியது 1949 இல். ஆகவே வாப்பாவுக்கு 72 வயது. ஆனால் அவருடைய அடையாள அட்டையில் 1956 என்றிருந்தது. எழுபதுகளில் அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியவர் பிறப்புச் சான்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தை எழுதியிருக்கிறார். தன்னை இளந்தாரியாக மதித்ததில் வாப்பாவுக்கு அன்று சந்தோஷம்.

“சேர், கார்ட்ல அம்பத்தாறு எண்டு இரிக்கி. எழுபதாக இன்னும் அஞ்சு வருஷம் கிடக்கு” என்றார் அந்த இளம் உத்தியோகத்தர்.

வாப்பா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “தம்பி, அம்பத்தேழு வெள்ளத்தில என்ட தங்கச்சியத் தோளில தூக்கிக்கிட்டுப் பள்ளிக்குப் போனவன் நான். ஒரு வயசுப் புள்ள எப்புடித் தங்கச்சியத் தூக்கும்?”

உத்தியோகத்தர் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெள்ளத்தைக் கோப்பில் இணைக்க முடியாது என்பதுதான் அவருடைய நிலை. திரும்பி வரும் வழியில் வாப்பா, “இனி எனக்காக ஒரு இடத்துக்கும் போகாத மகன். பிச்சை கேட்டுப் போன மாதிரி இரிக்கி” என்றார்.

அன்றிரவு எனக்குள் எழுந்த கேள்விதான் இக்கட்டுரைக்கு அடிப்படை. முதுமை எப்போதிருந்து நிரூபிக்க வேண்டிய ஒன்றாயிற்று? மனிதர் முதுமைக்கு அஞ்சுவது நரைக்கும் நோவுக்கும் மட்டும்தானா?

பெருங்காற்றின் சாட்சியம்

வாப்பாவின் வெள்ளத்தைப் போன்றதொரு சாட்சியம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அயர்லாந்தில் அரசாங்கத்தின் முன்னால் வைக்கப்பட்டது. அங்கே அது எடுபட்டது என்பதுதான் வேறுபாடு.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1908 ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை நிறைவேற்றியது. 70 வயதை அடைந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு வாரம் 5 சிலிங் வரையில் வழங்க ஏற்பாடாயிற்று. 1909 ஜனவரி முதலாம் திகதி தபாலகங்களில் கொடுப்பனவு தொடங்கியது. அப்போது அயர்லாந்து பிரித்தானிய ஆட்சிக்குள் இருந்தபடியால் சட்டம் அங்கும் செல்லுபடியானது. ஆனால் அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதியும் நடைமுறை 1864 இல்தான் ஆரம்பமானது. 1909 இல் எழுபது வயதானவர் 1839 அளவில் பிறந்தவர். அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோரிடம் எழுத்திலான சான்று ஏது?

அவர்களிடம் வேறொன்று இருந்தது. 1839 ஜனவரி 6 ஆம் திகதி இரவு அந்நாட்டைப் பெரும் சூறாவளியொன்று தாக்கியது. கூரைகள் பறந்தன, மரங்கள் சாய்ந்தன, உயிர்கள் பலியாயின. மக்கள் அதனைப் ‘பெருங்காற்று இரவு’ என்று நினைவில் வைத்திருந்தார்கள். அந்த இரவு தமக்கு ஞாபகம் இருக்கிறது என்று கூறுவது வயதுக்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கணக்குப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. காற்றை நேரில் கண்டு நினைவில் வைத்திருப்பவர் 1909 இல் எழுபதைத் தாண்டியே இருப்பார். 1841, 1851 ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பீட்டு ஏடுகளும் வயதைச் சரிபார்ப்பதற்காகப் புரட்டப்பட்டன.

காற்றைக் காணாதவர்களும் கண்டதாகக் கூறியிருப்பார்கள். எதிர்பார்த்ததை விட மிக அதிகமானோர் விண்ணப்பித்ததால் அரசாங்கம் திகைத்தது; பலருடைய விண்ணப்பங்கள் பின்னர் மீளாய்வு செய்யப்பட்டன. ஆனாலும் ஏழைக் கிழவன் ஒருவனின் நினைவுக்கு அரச மேசையில் ஒரு மதிப்பிருந்தது.

ஐந்து சிலிங்குக்காக அத்தனை பேர் வரிசையில் நின்றதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் 1834 ஆம் ஆண்டு வறியோர் சட்டத்திற்குப் பின்னர் கைவிடப்பட்ட ஏழைக்கு அரசு காட்டிய வழி வேலை இல்லம். அதனுள்ளே நுழையும் வயோதிபத் தம்பதியர் ஆண் பகுதி, பெண் பகுதி என்று பிரிக்கப்பட்டார்கள். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் கடைசிக் காலத்தில் தனித்தனிக் கூடங்களில் கிடந்தார்கள். அக்காலத்து ஆங்கிலேயத் தொழிலாளி முதுமைக்கு அஞ்சினான் என்றால், உண்மையில் அந்த வாசற்படிக்கே அஞ்சினான். தபாலகத்தில் கிடைத்த ஐந்து சிலிங் பலரை அந்த வாசலுக்குப் போகாமல் காத்தது.

எழுபது எங்கிருந்து வந்தது?

வயதெல்லை வகுத்து அரசு ஓய்வூதியம் வழங்கும் முறையைத் தொழிலாளர்களுக்காக முதலில் சட்டமாக்கியது ஜேர்மனி. பிஸ்மார்க் பிரதம அமைச்சராக இருந்தபோது 1889 இல் அச்சட்டம் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் பணம் செலுத்த, அரசும் ஒரு பங்கு சேர்த்தது. பிஸ்மார்க்கின் உள்ளத்தில் முதியோர் மீதான இரக்கம் மட்டும் இருக்கவில்லை. வளர்ந்துவந்த சோசலிச இயக்கத்தை 1878 இல் சட்டத்தால் ஒடுக்க முனைந்தவர் அவர். தொழிலாளரை அரசின் பக்கம் ஈர்க்கவும் அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது.

பிஸ்மார்க் தனது சொந்த வயதான 65 ஐயே எல்லையாக வைத்தார் என்றொரு கதை உலாவுகிறது. ஆசிரியர் கலாசாலையில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன், மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அது தவறு. 1889 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லை 70. அப்போது பிஸ்மார்க்குக்கு 74 வயது. 1916 இல்தான் அங்கே எல்லை 65 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டம் வந்த காலத்தில் எழுபதைக் காணும் தொழிலாளர் சிலரே. உடல் தளர்ந்து வேலை செய்ய இயலாமற் போனவர்களுக்கான உதவியே அச்சட்டத்தின் கீழ் அதிகம் பேருக்குக் கிடைத்தது.

ஆகவே எழுபது, அறுபத்தைந்து, அறுபது என்பவை இயற்கை இட்ட கோடுகள் அல்ல. கருவூலத்தின் கணக்கைப் பார்த்து மனிதர் இட்டவை. இதற்குச் சான்று தேடி ஜேர்மனிக்குப் போகவும் வேண்டியதில்லை. 2021 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் இலங்கை அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. 2022 இல் பொருளாதாரம் சரிந்ததும் அது மீண்டும் 60 ஆக்கப்பட்டது. அவ்வாண்டின் முடிவில் பெருந்தொகையானோர் ஒரேநாளில் வீட்டுக்குப் போனார்கள். எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் 61 வயதில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர். மறுநாள் காலை ‘ஓய்வுபெற்ற’ என்ற சொல் அவருடைய பெயருக்கு முன்னால் வந்து நின்றது. அந்த ஓர் இரவில் அவர் கிழவராகிவிடவில்லை.

எமது நாட்டில் யாருக்குக் கிடைத்தது?

இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வூதியத்தை ஒழுங்குபடுத்தும் பிரமாணக் குறிப்பு 1901 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தனியார் துறையினருக்கான ஊழியர் சேமலாப நிதி 1958 இல் வந்தது. விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 1987 இலும், மீனவர்களுக்கானது 1990 இலும் சட்டமாயின. இந்த வரிசையை நோக்குமிடத்து மேசையில் இருந்தவனுக்கும் சேற்றில் நின்றவனுக்கும் இடையில் 86 வருட இடைவெளி இருப்பதை அவதானிக்கலாம். விவசாயிகளின் திட்டமோ நிதி போதாமல் 2012 இல் இடைநின்று, 2014 இல் மீண்டும் தொடங்கியது. வாப்பாவைப் போன்ற கூலி வயற்காரர் பலர் அதில் சேரவேயில்லை. தவணைப் பணம் கட்டவேண்டிய நாளில் அவர்களுடைய கையில் காசு இருப்பதில்லை.

இதே காலத்தில் முதியோரின் தொகையும் பெருகியது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 1946 இல் டீ.டீ.ரீ. மருந்து பரவலாகத் தெளிக்கப்படத் தொடங்கியது. சுகாதார சேவையும் விரிந்தது. 1946 இல் 43 வருடங்கள் அளவில் இருந்த சராசரி ஆயுட்காலம் 1947 இல் 52 ஆக உயர்ந்தது. இதைப் படிக்கும் மாணவர்கள், முன்னர் எல்லாரும் 43 வயதில் மௌத்தானார்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல. ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை முதற் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. சராசரி கீழே இறங்கியதற்கு அது பெருங்காரணம். கிழவர்கள் அன்றும் இருந்தார்கள், தொகைதான் குறைவு. 1981 குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தோர் 6.6 சதவீதம். 2012 இல் அது 12.4 சதவீதம். பிழைத்த குழந்தைகள் வளர்ந்து வயோதிபராகி வந்திருக்கிறார்கள். வாப்பாவும் அவர்களில் ஒருவர்.

போடியாரும் வயற்காரரும்

முன்னைய காலத்தில் நம்மூர்களில் வயோதிபரைத் தலையில் வைத்துத் தாங்கினார்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஒக்டோபர் முதலாம் திகதி சர்வதேச முதியோர் தினத்தில் பாடசாலைக்கு ஐந்தாறு முதியவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்தும்போது சொல்வதற்கு அது வசதியான பேச்சு.

ஆனால் எங்கள் கிழக்குக் கரையின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அந்தப் படம் மாறுகிறது. குடிக்கொரு மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்தார். அவர் சொல் எடுபட்டது. போடியார் எண்பது வயதிலும் களவெட்டியில் கதிரை போட்டு உட்கார்ந்தால் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அது நரைக்கான மரியாதையா, காணிக்கான மரியாதையா? அதே வயதுடைய வயற்காரருக்கு எவரும் கதிரை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வயற்காரருக்கு வேறொன்று இருந்தது. வேலை அவருடைய வயதோடு சேர்ந்து இறங்கி வந்தது. உழ முடியாதபோது வரம்பு கட்டினார். அதுவும் முடியாதபோது வாடியில் காவல் இருந்தார். கண் மங்கியபோது களவெட்டியில் பொலி கூட்டினார். கூலி குறைந்தது, ஆனால் அறவே நிற்கவில்லை. பின்னர் உழவு இயந்திரம் வந்தது. அதன் பின்னர் வெட்டுமெசின் வந்தது. பல நாள் வேலை சில மணித்தியாலங்களில் முடிகிறது. நெல் வயலிலேயே மூட்டையாகிறது. விவசாயத்துக்கு அது நன்மை என்பதை மறுக்க முடியாது. ஆனால் கிழவர்கள் படிப்படியாக இறங்கிவந்த அந்த ஏணி இல்லாமற் போயிற்று. வாப்பா கடைசியாகப் பொலி கூட்டிய போகம் எதுவென்று எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. வாப்பாவும் தன் உழைப்பில் கட்டிய ஒரே வீட்டைத் தங்கைக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்னறையில் உம்மாவோடு இருக்கிறார். மச்சான் நல்லவர், ஒரு சொல் சொன்னதில்லை. நானோ மனைவிக்குக் கிடைத்த வீட்டில் வாழ்கிறேன். பெற்றோரை அங்கே அழைத்துவருவதற்கு நானே முதலில் தயங்குகிறேன். வயதானவர்கள் தெருவில் விடப்படாமல் மகளோடு இருப்பதற்கு எங்கள் வழக்கம் வகைசெய்கிறது. அது பெரிய காரியம். ஆனால் மகளுடைய வீட்டில் தேநீர் கேட்பதற்குக்கூடப் பொழுது பார்த்துக் காத்திருக்கும் தகப்பனின் மனதை அது கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைக் கடந்தவரை முதியவர் என்கிறது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்கிறது. பராமரிப்புப் பணம் கோரி முறையிட ஒரு சபையையும் ஏற்படுத்தியிருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு எதிராகச் சபைக்குப் போகும் தகப்பன் நம் ஊரில் எத்தனை பேர்? வாப்பா போகமாட்டார். அவருடைய மகன்மார் அவரைக் கைவிடவுமில்லை. மாதாமாதம் பணம் கொடுக்கிறோம். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் இடம் மாறிவிட்டன என்பதுதான் அவருக்கிருக்கும் நோவு.

எனக்கு இப்போது 47 வயது. சூறாவளிக்கு முந்திய மாதம், 1978 ஒக்டோபரில் பிறந்தவன்; பிறப்புச் சான்று இருக்கிறது. அறுபதுக்கு இன்னும் 13 வருடங்கள். முழங்கால் நோகத் தொடங்கியிருக்கிறது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் மாணவர் கொப்பிகளைத் திருத்த முடியவில்லை. இருந்தும் முதுமையை எண்ணி நான் கலங்குவதில்லை. அதற்குக் காரணம் என் மனத்துணிவு அல்ல. பென்சன் இருக்கிறது என்ற நம்பிக்கைதான். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தெருவில் வந்தால் நாம் சைக்கிளை விட்டு இறங்குகிறோம். அதே தெருவில் வாப்பா வந்தால் சலாம் சொல்லிவிட்டுப் போகிறோம். இருவருக்கும் ஒரே வயது. ஒரு காலத்தில் காணி பெற்றுக்கொடுத்த மரியாதையை இன்று பென்சன் பெற்றுக்கொடுக்கிறது. வயதுக்கென்று தனியாக நாம் எதையும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வாப்பா தடுத்தும் நான் நிற்கவில்லை. அவரை அலையவிடாமல் நானே பதிவாளர் அலுவலகத்துக்குப் பல தடவை போனேன். பிறப்புப் பதிவில்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழியிருக்கிறது என்பதை அங்கேதான் அறிந்தேன். வைத்தியர் பார்த்தார், ஊர்ப் பெரியவர்கள் இருவர் சாட்சி சொன்னார்கள், அடையாள அட்டை திருத்தப்பட்டது. ஒன்றரை வருடம் கழிந்து முதற் கொடுப்பனவு கிடைத்தது. பொருள்களின் விலை பெரிதும் ஏறியிருந்த காலம் அது. 2,000 ரூபாவுக்கு அன்று என்ன வரும்?

வாப்பா அந்தப் பணத்தோடு நேரே மீன்சந்தைக்குப் போயிருக்கிறார். மீனும், பேரப்பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு முன்வாசலால் வீட்டுக்குள் வந்தார் என்று தங்கை சொன்னாள். வழக்கமாக அவர் பின்வாசலால் வருபவர். “புளியாணம் காச்சு மகள், மருமகனுக்கு விருப்பம்” என்றாராம். 2025 இல் அக்கொடுப்பனவு 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டிருக்கிறது. தபாலகத்துக்கு அவர் யாரையும் துணைக்கு அழைப்பதில்லை.

இதன் பின்னர் எங்கள் பாடசாலையில் ஒரு வேலை செய்தோம். பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தோம். கல்லோயா 1949, வெள்ளம் 1957, சூறாவளி 1978 என்று அதில் எழுதி, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ‘இது நடக்கும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று கேட்டு எழுதிவரச் சொன்னோம். வரலாற்றுப் பாடத்துக்கான செயற்பாடாகத்தான் அதைத் தொடங்கினோம். தாள்கள் திரும்பி வந்தபோது, மூன்று மூத்தம்மாமாரின் அட்டை வயதும் வெள்ளத்து வயதும் ஒத்துப்போகவில்லை என்பது தெரியவந்தது. ஒருவருக்கு ஒன்பது வருட வித்தியாசம். மூவருடைய விண்ணப்பங்களையும் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் தங்கள் ஊர்களிலும் கேட்டுப் பார்க்கலாம். தாள் ஒன்றுக்கு மேல் செலவில்லை.